கொழும்புக்கு மூன்றேகால் மில்லிநொடி

தூத்துக்குடியிலிருந்து கொழும்பு நேர்கோட்டில் சுமார் 280 கிலோமீட்டர். சென்னைக்கு ஏறக்குறைய இதைப் போல இரண்டு மடங்கு. நடுவில் கடல் கிடந்தாலும் இந்த ஊருக்குக் கொழும்புதான் பக்கம். ஊரின் வரலாறும் அப்படித்தான் ஓடியிருக்கிறது. 1876-இல் ரயில் பாதை தூத்துக்குடிக்கு வந்தது. அதன் பிறகு சென்னையிலிருந்து இலங்கை போகிறவர்கள் ரயிலில் இங்கே வந்து இறங்கிக் கப்பல் ஏறினார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி புழக்கத்துக்கு வரும்வரை அதுதான் முக்கியத் தடம். 1906-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும் இந்தத் தடத்தில் வெள்ளையர் கம்பெனிக்குப் போட்டியாகக் கப்பல் விடத்தான். 2011-இல் ஸ்காட்டியா பிரின்ஸ் என்ற பயணிகள் கப்பல் சில மாதங்கள் ஓடிவிட்டு நின்றது. அதில் போனவர்களுக்கும் அது ஓர் இரவுப் பயணம்.

இதே தடத்தில் 2006-இல் வேறொன்று போடப்பட்டது. பி.எஸ்.என்.எல். நிறுவனமும் ஸ்ரீலங்கா டெலிகாமும் சேர்ந்து தூத்துக்குடிக்கும், கொழும்பை ஒட்டிய கல்கிசைக்கும் இடையே கடலடியில் ஒரு கண்ணாடி இழைக் கேபிளை இறக்கின. பாரத் லங்கா கேபிள் என்று பெயர். நீளம் சுமார் 325 கிலோமீட்டர். முத்துப்பார்கள் கிடக்கும் மன்னார் வளைகுடா இது. தொல்லாயிரம் பார் போன்ற பெயர்களைக் கரையில் இன்னும் சொல்கிறார்கள். 1961-ஆம் ஆண்டுப் பருவத்தோடு இங்கே பெரிய அளவில் முத்துக்குளித்தல் நின்றுபோனது. உலகம் முழுக்கக் கடல் கேபிள்கள் அறுபடுவதற்குப் பெரும்பாலும் மீன்பிடி வலைகளும் நங்கூரங்களும்தான் காரணம் என்பதால், கரையோர ஆழம் குறைந்த பகுதிகளில் இரும்புக் கம்பிகளைச் சுற்றி, முடிந்த இடத்தில் தரைக்கடியில் புதைத்துத்தான் கேபிளைப் போடுவார்கள். உள்ளே இருக்கும் இழை தலைமுடியின் பருமன்தான்.

அந்த இழை வழியாக ஒளி தூத்துக்குடியிலிருந்து கல்கிசைக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகும்? மூன்றேகால் மில்லிநொடி. ஒரு நொடியை ஆயிரமாக வெட்டினால் கிடைக்கும் துண்டுகளில் மூன்றும் கொஞ்சமும்.

ஆனால் தூத்துக்குடியில் ஒரு வீட்டில் உட்கார்ந்துகொண்டு கொழும்பில் இருக்கும் அத்தையிடம் வீடியோ காலில் பேசுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். குரல் முட்டிமுட்டி வரும். இவர் பேசி முடித்துவிட்டார் என்று அவர் ஆரம்பிப்பார், அதே நேரத்தில் இவரும் ஆரம்பிப்பார். இருவரும் நிறுத்துவார்கள். "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீ சொல்லு" என்று பாதி நேரம் போய்விடும். குரல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்ச் சேர 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடல்களுக்குப் பழுதில்லை என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை சொல்கிறது. மூன்றேகால் மில்லிநொடியில் போய்வர முடிகிற இடத்துக்கு 150 மில்லிநொடி போதாமல் போவது எப்படி? மிச்ச நேரத்தை யார் எடுத்துக்கொள்கிறார்கள்?

கேபிள்காரரிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "அண்ணாச்சி, நூறு எம்பிக்கு மாறிடுங்க, சரியாயிரும்." அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு விற்கத் தெரிந்த ஒரே அளவு அதுதான். எம்பிபிஎஸ் என்பது ஒரு நொடிக்குள் எவ்வளவு தரவு போகும் என்று சொல்கிறது. அனுப்பியது எப்போது போய்ச் சேரும், பதில் எப்போது வரும் என்று அது சொல்லாது. அந்த இரண்டாவது அளவுக்குத்தான் தாமதம் என்று பெயர். கம்ப்யூட்டரில் விளையாடும் பிள்ளைகள் அதை "பிங்" என்பார்கள். எட்டாம் வகுப்புப் பையனுக்குத் தன் வீட்டுப் பிங் எவ்வளவு என்று தெரிந்திருக்கும். மாதாமாதம் பில் கட்டும் அப்பாவுக்குத் தெரிந்திருக்காது.

2010-இல் கூகுளில் வேலை பார்த்த மைக் பெல்ஷி இதை அளந்து காட்டினார். ஓர் இணையப் பக்கம் திறக்க ஆகும் நேரத்தை எடுத்துக்கொண்டு, முதலில் இணைப்பின் கொள்ளளவை மட்டும் கூட்டிக்கொண்டே போனார். 5 எம்பிபிஎஸ்ஸை 10 ஆக்கியபோது பக்கம் திறக்கும் நேரம் குறைந்தது ஏறக்குறைய 5 சதவீதம்தான். பிறகு கொள்ளளவை அப்படியே வைத்துவிட்டுத் தாமதத்தைக் குறைத்தார். குறைத்த ஒவ்வொரு அளவுக்கும் பக்கம் சீராக வேகம் கூடித் திறந்தது. காரணம் எளிது. ஒரு பக்கத்தைத் திறக்கும்போது நம் கருவி எதிர்முனையோடு பலமுறை பேசுகிறது. அந்தத் தளத்தின் பெயருக்கு உரிய முகவரி எது என்று ஒரு கேள்வி. இணைப்புக் கொடு என்று ஒன்று. பூட்டுச் சாவி மாற்றிக்கொள்ள ஒன்றோ இரண்டோ. அதற்கப்புறம்தான் பக்கத்தைக் கேட்பது. ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தால்தான் அடுத்ததைக் கேட்க முடியும். ஆக நான்கைந்து முறை போய்வர வேண்டும். துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் ஊரில், சுங்க முகவர் அலுவலகங்களில் நாள் முழுக்க ஷிப்பிங் பில் ஏற்றுகிறவர்கள் காத்திருப்பது பெரும்பாலும் இந்தப் போய்வருதலுக்காகத்தான். அவர்கள் அனுப்புவது சில கிலோபைட். அதற்கு நூறு எம்பி வேண்டியதில்லை.

தாமதம் மூன்று இடங்களில் சேர்கிறது: தூரத்தில், பாதையில், வரிசையில்.

தூரத்தின் பங்கு நம் கையில் இல்லை. வெற்றிடத்தில் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, கண்ணாடிக்குள் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். போய்த் திரும்பும் கணக்கில் பார்த்தால் 100 கிலோமீட்டருக்கு ஒரு மில்லிநொடி. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். தூத்துக்குடியிலிருந்து கேபிள் வழியில் சென்னை 700 கிலோமீட்டர் என்று வைத்தால் 7 மில்லிநொடி. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002-இல் போடப்பட்ட ஐ2ஐ கடல் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். அதற்கு 32 மில்லிநொடி.

தூரம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தமானில் இருக்கும் தமிழர்களுக்குத் தெரியும். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை–அந்தமான் கடல் கேபிள் திறக்கப்படும்வரை போர்ட் பிளேர் செயற்கைக்கோளைத்தான் நம்பியிருந்தது. அத்தகைய செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. கேள்வி மேலே ஏறிக் கீழே இறங்க வேண்டும், பதிலும் மேலே ஏறிக் கீழே இறங்க வேண்டும். நான்கு முறை அந்த உயரத்தைக் கடந்தால் ஒளி வேகத்திலும் அரை நொடி. சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் வந்ததும், இயற்பியல் விதிக்கும் குறைந்தபட்சத் தாமதம் 23 மில்லிநொடியாக இறங்கியது. உள்ளே கண்ணாடிக்குப் பதில் காற்று இருக்கும் குழல் இழைகளை இப்போது செய்கிறார்கள். அவற்றில் ஒளி கிட்டத்தட்ட வெற்றிட வேகத்திலேயே ஓடும். அவை கடல் தாண்டிப் பரவினால் இந்தக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு குறையலாம். அதுவரை 100 கிலோமீட்டருக்கு ஒரு மில்லிநொடி என்பது யாராலும் தள்ளுபடி செய்ய முடியாத வாடகை.

பாதையின் கதை வேறு. தூத்துக்குடிக்கும் கல்கிசைக்கும் நடுவே இழை கிடக்கிறது என்பதால் உங்கள் வீட்டுத் தரவு அதில்தான் போகும் என்றில்லை. இணையத்தில் தரவு போகும் வழியை வரைபடம் தீர்மானிப்பதில்லை. எந்த நிறுவனம் எந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறது, எந்த வழி மலிவு என்பதே தீர்மானிக்கிறது. உங்களுக்கு இணைப்புத் தரும் நிறுவனமும் கொழும்பு அத்தைக்கு இணைப்புத் தரும் நிறுவனமும் சிங்கப்பூரில்தான் கைகோத்துக்கொள்கின்றன என்றால், உங்கள் குரல் தூத்துக்குடியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து திரும்பி வங்காள விரிகுடாவைக் கடந்து கொழும்பு என்று சுற்றும். ஒரு வழிக்கே ஏறக்குறைய 7,000 கிலோமீட்டர். மூன்றேகால் மில்லிநொடி வேலைக்கு 70 மில்லிநொடி.

இந்தியாவுக்குள்ளேயே இந்தச் சுற்று ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. ஒரே ஊரில் இரண்டு வேறு நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டால் அது வெளிநாடு போய்த் திரும்பி வரும். இதை நிறுத்தத்தான் 2003-இல் நிக்சி என்ற தேசிய இணையச் சந்திப்பு அமைப்பு தொடங்கப்பட்டது. சென்னையிலும் அதன் சந்திப்பு மையம் உண்டு. உள்நாட்டுத் தரவை நிறுவனங்கள் அங்கேயே கைமாற்றிக்கொள்ளலாம். 2006-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், வாடிக்கையாளருக்கு அருகிலுள்ள முனையிலிருந்து நிக்சி அல்லது பன்னாட்டு வாயில் வரை தாமதம் 120 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும் என்று விதித்தது. அன்றைக்கு அது கண்டிப்பான அளவு. இன்றைக்கு மிகவும் தாராளமான அளவு.

கடலுக்கடியில் ஏதாவது நடந்தாலும் பாதை மாறும். 2025 செப்டம்பரில் செங்கடலில் ஜெட்டா அருகே சில கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவிலும் இணையம் மந்தமானது. ஐரோப்பாவுக்குப் போகிற தரவு வேறு நீண்ட வழிகளில் சுற்றிப் போனது. அந்த நாட்களில் யாராவது அதிக விலைத் திட்டத்துக்கு மாறியிருந்தால் அவருக்கு எந்தப் பலனும் கிடைத்திருக்காது.

உங்கள் தரவு எந்த ஊர்களைத் தொட்டுப் போகிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து டிரேஸ்ரூட் (tracert) கட்டளையைத் தளத்தின் பெயரோடு கொடுத்தால் வழியிலுள்ள ரௌட்டர்கள் ஒவ்வொன்றாக வரிசையில் வரும், பக்கத்தில் மில்லிநொடிக் கணக்கோடு. பல ரௌட்டர்களின் பெயரில் ஊரின் விமான நிலையக் குறியீடு ஒளிந்திருக்கும். எம்.ஏ.ஏ. என்றிருந்தால் சென்னை, பி.ஓ.எம். மும்பை, எஸ்.ஐ.என். சிங்கப்பூர். ஓரிடத்தில் 8, 9 என்று இருந்த எண் அடுத்த வரியில் திடீரென்று 45-க்குத் தாவி, அதற்குப் பிந்தைய வரிகளிலும் இறங்காமல் இருந்தால், அங்கேதான் உங்கள் தரவு கடல் தாண்டியிருக்கிறது. இந்தப் பட்டியலைப் படம் எடுத்து நிறுவனத்துக்கு அனுப்பிக் கேட்கலாம். பாதையை மாற்றுவது அவர்கள் கையில்தான் இருக்கிறது. நூறு வாடிக்கையாளர்கள் கேட்டால் அசைவார்கள்.

இதுவரை சொன்ன இரண்டையும் கூட்டினாலும் கொழும்புக்கு 70, 80 மில்லிநொடிதான் ஆகிறது. பேச்சு முட்டுவதற்கு அது போதாது. பெரிய திருடன் மூன்றாவது ஆள். அவன் இருப்பது கடலிலும் இல்லை, சிங்கப்பூரிலும் இல்லை. உங்கள் வீட்டு வரவேற்பறையில், டிவி ஸ்டாண்டின் மேல் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் ரௌட்டர் பெட்டிக்குள் இருக்கிறான்.

பிரையண்ட் நகரில் ஒரு மாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். இணைப்பு நூறு எம்பி; ஆனால் அது இறங்கும் திசையில். ஏறும் திசையில் 10 எம்பிபிஎஸ். ஆகஸ்ட் 5, பனிமய மாதா திருவிழா முடிந்து எல்லோரும் வீடு திரும்பியிருக்கிறார்கள். மகனின் போன் வைஃபையைப் பிடித்ததும் அன்றைக்கு எடுத்த வீடியோக்களை, மொத்தம் ஒரு ஜிபி, தானாகவே மேகச் சேமிப்புக்கு ஏற்றத் தொடங்குகிறது. அதை யாரும் கவனிக்கவில்லை. ஒரு ஜிபி என்பது 8,000 மெகாபிட். நொடிக்கு 10 வீதம் அனுப்ப 800 நொடி, அதாவது பதின்மூன்று நிமிடம். அதே நேரத்தில் அம்மா கொழும்புக்குப் பேசுகிறார்.

போன் வைஃபையில் தரவைப் பெட்டிக்குள் கொட்டுகிற வேகம் நூறு எம்பிபிஎஸ்ஸுக்கு மேல். பெட்டி வெளியே அனுப்புகிற வேகம் 10. மிச்சத்தைப் பெட்டி என்ன செய்யும்? தன் நினைவகத்தில் வரிசையாக நிறுத்தி வைக்கும். அந்த வரிசைக்கு ஒரு மெகாபைட் இடம் இருந்தால் அதில் 8 மெகாபிட் நிற்கும். 10 எம்பிபிஎஸ்ஸில் அது வெளியேற 800 மில்லிநொடி. அம்மாவின் குரலைத் தாங்கி வரும், பாக்கெட் என்ற சின்னஞ்சிறு தரவுத் துண்டும் இந்த வரிசையின் வாலில்தான் நிற்க வேண்டும். கடலைத் தாண்டிப் போய்வர மூன்றேகால் மில்லிநொடி, வீட்டு வாசலைத் தாண்ட 800 மில்லிநொடி. 40 மில்லிநொடித் தூரத்தில் இருக்கும் இணையதளத்தில் ஷிப்பிங் பில் ஏற்றுகிறவர் ஐந்து முறை போய்வந்தால் சாதாரணமாக 200 மில்லிநொடி ஆகும். இப்போது நான்கு நொடிக்கு மேல்.

துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். கேட்டில் ஒரு மணி நேரத்தில் இத்தனை லாரிதான் உள்ளே போக முடியும் என்றால், சாலையை எவ்வளவு நீளமாக, எவ்வளவு அகலமாகப் போட்டாலும் லாரிகள் வேகமாக உள்ளே போகாது. வரிசை நீளும், அவ்வளவுதான். அதிலும் ஐஸ் பெட்டியோடு வரும் ஒரு சின்ன மீன் வண்டி, கேட்டில் அதிக வேலையில்லாமல் சட்டென்று தாண்டிப் போகக்கூடியது, நாற்பது லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறது. ரௌட்டர் செய்தவர்கள் நீண்ட சாலையைப் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு பாக்கெட்டும் தொலையக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். நினைவகமும் மலிந்துபோயிருந்தது.

அந்த நல்லெண்ணம் எங்கே தவறியது என்று புரிய 1986-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் நடுவே, வெறும் 400 கஜத் தூரத்தில், இணைய வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக விழுந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் மேலும் மேலும் அனுப்பியதால் வந்த நெரிசல். வான் ஜேக்கப்சன் அதை ஆராய்ந்து 1988-இல் ஒரு வழி சொன்னார். அனுப்புகிற கம்ப்யூட்டர் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டட்டும். வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் நெரிசல் என்று புரிந்துகொண்டு வேகத்தைச் சட்டென்று குறைக்கட்டும். இணையம் இன்றும் நிற்காமல் ஓடுவதற்கு இந்த யோசனை ஒரு முக்கியமான காரணம். இதில் பாக்கெட் தொலைவது ஒரு செய்தி; "மெதுவாக வா" என்ற செய்தி. நீண்ட வரிசையில் பாக்கெட் தொலைவதே இல்லை. எனவே செய்தி போகவில்லை. அனுப்புகிறவர் வரிசை முழுக்க நிரம்பும்வரை கூட்டிக்கொண்டே போகிறார். நிரம்பிய வரிசை நிரம்பியபடியே நிற்கிறது.

ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 2010-இல் தன் வீட்டில் ஒரு பெரிய கோப்பை ஏற்றும்போது பிள்ளைகள் இணையம் ஓடவில்லை என்று புகார் சொல்ல, அளந்து பார்த்தார். தாமதம் நொடிக்கணக்கில் இருந்தது. தேடத் தேட, வீட்டு ரௌட்டர்களில் தொடங்கி இணையம் முழுக்க இதே கதை என்று தெரிந்தது. பெர்க்லி நெரிசலைத் தீர்த்த அதே ஜேக்கப்சன், கேத்லீன் நிக்கல்ஸுடன் சேர்ந்து 2012-இல் ஒரு மருந்தை வெளியிட்டார்: கோடல்.

கோடலின் அழகு அது எதைப் பார்க்கிறது என்பதில் இருக்கிறது. அதற்கு முன் வந்த முறைகள் வரிசை எவ்வளவு நீளம் என்று பார்த்தன. கோடல் ஒவ்வொரு பாக்கெட்டும் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கிறது. திடீரென்று ஒரு கூட்டம் வந்து சட்டென்று கலைந்தால் அதைத் தொந்தரவு செய்வதில்லை. ஆனால் காத்திருப்பு 5 மில்லிநொடிக்குக் கீழே இறங்காமல் 100 மில்லிநொடி நேரம் தொடர்ந்தால், இது கலையாத வரிசை என்று முடிவுகட்டி ஒரு பாக்கெட்டைக் கைவிடுகிறது. அனுப்புகிறவருக்குச் செய்தி போகிறது, அவர் குறைத்துக்கொள்கிறார். இதோடு இன்னொரு யோசனையையும் எரிக் டூமாசே, டேவ் டாட் ஆகியோர் சேர்த்தார்கள். எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தாமல் ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை. ஒவ்வொன்றிலிருந்தும் முறைவைத்து எடுப்பது. புதிதாக வரும் சின்ன வரிசைக்கு முதலிடம். மீன் வண்டி இனி லாரிகளுக்குப் பின்னால் நிற்க வேண்டாம். எஃப்க்யூ-கோடல் என்ற அந்த நிரல் 2012-லேயே லினக்ஸ் இயங்குதளத்தில் சேர்ந்துவிட்டது. 2018-இல் இணையத் தரநிலை அமைப்பின் ஆவணமாகவும் வெளியானது. டேவ் டாட் வாழ்நாளின் கடைசிவரை இதை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தார்; 2025-இல் காலமானார். அவர் பெயர் தெரியாத கோடிக்கணக்கான வீடுகளில் இன்று பேச்சு முட்டாமல் போகிறது.

உங்கள் வீட்டில் திருடன் இருக்கிறானா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஃபாஸ்ட்.காம் தளத்தில் வேகச் சோதனை முடிந்ததும் கூடுதல் விவரம் கேட்கும் பொத்தானை அழுத்துங்கள். இரண்டு தாமத எண்கள் வரும். ஒன்று இணைப்பு சும்மா இருக்கும்போது, மற்றது சுமை ஏறும்போது. முதலாவது 10, இரண்டாவது 25 என்றால் நிம்மதியாக இருங்கள். முதலாவது 10, இரண்டாவது 400 என்றால் எத்தனை எம்பி வாங்கினாலும் வீடியோ ஏறும்போதெல்லாம் அம்மாவின் பேச்சு முட்டும்.

மருந்தைப் போடுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதைத் தவறவிட்டால் எதுவும் நடக்காது. கோடல் உங்கள் ரௌட்டரில் ஓடினாலும், வரிசை அதற்கு அடுத்துள்ள நிறுவனப் பெட்டியில் நின்றால் பயனில்லை. ஆகவே வரிசையை உங்கள் ரௌட்டருக்குள்ளேயே நிற்க வைக்க வேண்டும். எப்படி? அளந்து பார்த்த வேகத்தில் 90 சதவீதத்தை மட்டும் வெளியேவிடுமாறு ரௌட்டரில் வரம்பு போட வேண்டும். ஏறும் வேகம் 10 என்றால் 9. இறங்கும் வேகம் நூறு என்றால் 90. பத்தில் ஒரு பங்கைக் கொடுத்து எண்ணூறு மில்லிநொடியைத் திரும்ப வாங்குகிறோம். ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் ஏற்றக்கூடிய ரௌட்டர்களில் எஸ்.க்யூ.எம். என்ற பெயரில் இந்த வசதி உண்டு. அதில் எஃப்க்யூ-கோடலோ அதன் பின்னோடியான கேக்கோ ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். வேறு சில ரௌட்டர்களில் க்யூ.ஓ.எஸ். என்ற தலைப்பின் கீழ் வேக வரம்பு மட்டுமாவது இருக்கும். அதுவும் ஓரளவு உதவும். எதுவுமே இல்லாவிட்டால் போனில் படங்களைத் தானாக ஏற்றும் வசதியை இரவு தூங்கும் நேரத்துக்கு மாற்றிவையுங்கள். நோய் போகாது, வலி போகும்.

வைஃபை பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேசலாம் என்பது வைஃபையின் விதி. மற்றவை காத்திருக்கும், இருவர் சேர்ந்து பேசிவிட்டால் இருவரும் மறுபடி முயல வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. நெருக்கமான தெருவில் பக்கத்து வீடு, மாடி வீடு, எதிர் வீடு எல்லாம் அந்த மூன்றில்தான் நெருக்கியடிக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் நெரிசல் குறையும். ஆனால் கான்கிரீட் சுவரை அது அவ்வளவாகத் தாண்டாது, ரௌட்டர் அதே அறையிலோ அடுத்த அறையிலோ இருக்க வேண்டும். இடம்பெயராத டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் லேன் கேபிள் இழுத்துவிடுவது எல்லாவற்றிலும் உருப்படியான வேலை. அதில் தாமதம் ஒரு மில்லிநொடிக்கும் கீழே, எப்போதும் ஒரே சீராக. அந்த டிவி வைஃபையை விட்டு இறங்கினால் போன்களுக்கும் காற்றில் இடம் கிடைக்கும்.

இந்தக் கடற்கரைக்கென்று ஒரு தொல்லை உண்டு, உப்புக் காற்று. உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் ஊரில் மொட்டை மாடியில் திறந்து கிடக்கும் செம்பு இணைப்புகள் சீக்கிரமே பச்சை பூத்துவிடும். கண்ணாடி இழையை உப்பு ஒன்றும் செய்யாது, ஆனால் இழையின் முனையில் படியும் அழுக்கும், சுவர் மூலையில் மடங்கி நசுங்கிய வளைவும் ஒளியைக் குறைத்துவிடும். ஒளி குறைந்தால் பாக்கெட்டுகள் பழுதாகித் திரும்பத் திரும்ப அனுப்பப்படும்; அந்த நேரமும் தாமதக் கணக்கில்தான் சேரும். ஆள் வந்து பார்க்கும்போது அவர் கையில் இருக்கும் பவர் மீட்டரில் எவ்வளவு காட்டுகிறது என்று கேளுங்கள். வீட்டு ஃபைபருக்கு மைனஸ் 27 டிபிஎம் என்பது விளிம்பு. மைனஸ் 20 அளவில் இருந்தால் நல்லது. மைனஸ் 26 என்றால் இணைப்பை மாற்றித் தரச் சொல்லிக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

கேமிங் ரௌட்டர் என்ற பெயரில் கொம்பு கொம்பாக ஆண்டெனா வைத்து விற்பதை வாங்கும் முன், அதில் எஸ்.க்யூ.எம். இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பணம் வீண். தளப் பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸை மாற்றினால் பிங் குறையும் என்பார்கள். ஒரு தளத்தின் பெயரை முதல்முறை தேடும்போது கொஞ்சம் உதவும், பேச்சுக்கும் விளையாட்டுக்கும் உதவாது. விபிஎன் பெரும்பாலும் பாதையை நீட்டத்தான் செய்யும்.

இவ்வளவையும் வீட்டுக்காரர் தலையில் கட்டுவது நியாயமில்லை என்றுதான் நினைக்கிறேன். நிறுவனம் கொடுக்கும் பெட்டியைத் திறந்து அமைப்பை மாற்ற எல்லோருக்கும் தெரியாது. பல பெட்டிகளில் நிறுவனம் அந்த இடத்தைப் பூட்டியே கொடுக்கிறது. தூத்துக்குடியிலும் மற்ற ஊர்களிலும் வீடு வீடாக ரௌட்டர் மாட்டிக் கொடுக்கிற நிறுவனங்களையும் கேபிள்காரர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: விளம்பரத்தில் எம்பிபிஎஸ் போடும் இடத்துக்குப் பக்கத்தில், சுமை ஏறும்போது தாமதம் எவ்வளவு என்பதையும் போடுங்கள். நீங்கள் கொடுக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் ஓடுவது லினக்ஸ்தான். எஃப்க்யூ-கோடல் அதில் 2012 முதல் காசில்லாமல் கிடைக்கிறது. பெட்டியை வீட்டுக்கு அனுப்பும் முன் அதை இயக்கிவிட்டு அனுப்புங்கள்.